எங்கள் காரின் மோவாய்

எங்கள் தெருவுக்குத் தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்கிற வழக்கம் இல்லை. இருப்பதன் மேலேயே கொட்டி, உருளையை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வீடு கட்டிக் குடிவந்த காலத்தில் தெருவிலிருந்து இரண்டு படி ஏறி உள்ளே வருவோம். இப்போது தெருவிலிருந்து இறங்கி வருகிறோம். மழை பெய்தால் தெருத் தண்ணீரும் எங்களோடு சேர்ந்து இறங்கி வருகிறது. நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு மட்டம் மாறிவிட்டது என்று தெரிந்தால் அதையே நினைத்துக்கொண்டிருப்பேன். எதையும் எண்ணாமல், அளக்காமல் விட என்னால் முடியாது. இது என் மனைவிக்குப் பிடிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து கார் வெளியே போகவேண்டுமானால் ஒரு சிமெண்ட் சரிவில் ஏறித் தார் விளிம்பைத் தாண்ட வேண்டும். சரிவை இன்னும் கொஞ்சம் உயர்த்தலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். உயர்த்தினால் கேட் திறக்காது. கேட்டை உயர்த்தினால் கேட் மாட்டிய தூணை இடிக்க வேண்டும். தூணை இடித்தால் அதை ஒட்டிய குளியலறைச் சுவர் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கார் சின்ன கார்தான், வெள்ளி நிறம். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் அழுத்தம் கூடி, பக்கவாட்டில் வருவது தெரியாமல் போய்விட்டது. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு என் மனைவி உத்திரமேரூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். அந்த வகுப்பில் அவளுக்கு அடுத்த மூத்த மாணவிக்கு இருபத்து மூன்று வயது. அவள் கற்றுக்கொண்டதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. உத்திரமேரூருக்கு அந்தப் பக்கம் பெருநகர் என்கிற ஊரில் அவளுடைய அக்கா பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, படுக்கையில் இருக்கிறார். முழங்கால் வலியால் என் மனைவிக்குப் பஸ் படி ஏற முடியாது. கார் ஓட்டினால் வாரம் ஒரு தடவை போய் அக்காவுக்குத் தலைவாரி, ஒருவேளை சோறு ஊட்டி, இரண்டு பேரும் யாரையாவது திட்டிவிட்டு வரலாம். ஓட்டாவிட்டால் அதுவும் இல்லை.

அன்றைக்கு அப்படிக் கிளம்பும்போதுதான் அது நடந்தது. சரிவில் ஏறிய காரின் முன் பம்பர், அதன் அடி உதடு, தார் விளிம்பில் இடித்தது. பயந்து பின்னால் எடுத்தாள். எடுக்கும்போது உதடு விளிம்பில் மாட்டிக்கொண்டது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல ஒரு சத்தம். இடப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டு, உதடு தொங்கிப்போயிற்று. பக்கத்து இருக்கையில் இருந்த நான் "சொன்னேன், சொன்னேன்" என்று இரண்டு தடவை சொன்னேன். எதிர்வீட்டுக்காரர், லாரி ஓட்டி ஓய்ந்தவர், பல் குச்சியோடு வெளியே வந்து பார்த்தார்.

"இன்னா அண்ணி, ரோட்டு மேல இன்னா கோவம் உங்களுக்கு?"

அவர் எப்போதும் இப்படித்தான் பேசுவார், கெட்ட மனிதர் இல்லை. ஆனால் என் மனைவி அன்றைக்குச் சிரிக்கவில்லை. காரைக் கொட்டகையில் விட்டாள். உள்ளே போய்ச் சாவியைக் காலண்டர் மாட்டிய ஆணியில், காலண்டருக்கு மேலேயே மாட்டினாள்.

"இனிமே நான் தொடமாட்டேன். இந்த வயசுல எனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

தேதி பார்க்க ஒவ்வொரு நாளும் நான் அந்தச் சாவியை விலக்க வேண்டியிருந்தது.

காஞ்சிபுரத்தில் விசாரித்தேன். முழு பம்பரையும் மாற்றிவிடலாம் என்றார்கள். புதிய பம்பருக்கும் அதே உதடுதானே இருக்கும். அதுவும் அதே விளிம்பில் இடித்து அதே இடத்தில் உடையும். பம்பர் எதனால் உடைந்தது என்று பார்க்காமல் பம்பரை மட்டும் மாற்றுவது, எல்லைக்கல்லை மாடு இடிக்கிறது என்று கல்லை மட்டும் புதிதாக நடுவது போல. ஆகவே நானே கழற்றி, ஒட்டி, உதட்டை வெட்டிக் குறைத்து, வழவழப்பாகத் தேய்த்துப் பூசுவது என்று முடிவு செய்தேன். எப்படிச் செய்வது என்று போனில் ஏழு வீடியோ பார்த்தேன். ஏழும் ஏழு விதமாகச் சொன்னது எனக்குக் கவலையாக இருந்தது.

கழற்றும்போது திருகாணியும் பிளாஸ்டிக் ஊசிகளுமாகப் பதினெட்டு வந்தன. ஊறுகாய் ஜாடி மூடியில் போட்டு வைத்தேன். பம்பரைச் சோப்புப் போட்டுக் கழுவி, முருங்கை மரத்தடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்தேன். கழற்றிப் பார்த்தால் பம்பர் என்பது ஒன்றுமில்லை, ஒரு பெரிய பிளாஸ்டிக் முறம். இதை நம்பியா ஊரெல்லாம் போகிறோம் என்று தோன்றியது.

விரிசலை ஒட்டப் பழைய டீ வடிகட்டியின் கம்பி வலையை எடுத்துக்கொண்டேன். விரிசலின் உட்பக்கத்தில் வலையை வைத்து, சால்டரிங் அயர்னால் சூடுகாட்டி அழுத்தினால், பிளாஸ்டிக் உருகி வலையை விழுங்கிக்கொள்ளும். மேலே நிரப்ப, உடைந்த பக்கெட்டிலிருந்து பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டேன். பக்கெட்டின் அடியிலும் பம்பரின் உள்ளேயும் பிளாஸ்டிக்கின் ரகத்தைச் சொல்லும் ஒரே எழுத்து அச்சாகியிருந்ததைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. பக்கெட் சிவப்பு. நிரப்பி முடித்தபோது காருக்கு உதட்டில் அடிபட்டு ரத்தம் கட்டியது போல இருந்தது.

"அந்த வடிகட்டி நல்லாத்தானே இருந்துச்சி?" என்றாள் என் மனைவி, துணி உலர்த்த வந்தவள்.

"ஓரத்துல பிஞ்சிருந்தது."

"ஓரத்துல பிஞ்சதெல்லாம் தூக்கிப் போடணும்னா இந்த வூட்ல யாரு மிஞ்சுவா?"

வெட்டுவதற்கு முன்னால் அளந்தேன். காரைச் சரிவில் எதிர்வீட்டுக்காரரைக் கொண்டு நிறுத்தச் செய்து, சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து தார் விளிம்புக்கு நூல் பிடித்துப் பார்த்தேன். நான்கு சென்டிமீட்டர் குறைத்தால் ஒரு விரல் இடைவெளி கிடைக்கும். அப்படி நூல் பிடித்துக் குந்தியிருந்தபோதுதான் தார் விளிம்பின் வெட்டுமுகம் கண்ணில் பட்டது. கார் இடித்த இடத்தில் கொஞ்சம் தாரும் பெயர்ந்திருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கு, ஜல்லி ஜல்லியாக, ஒவ்வொன்றும் வேறு கறுப்பில். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரு. எண்ணிப் பாரு. வீடு கட்டினப்ப இது ஒண்ணுதான் இருந்தது. இது உன் தப்பு இல்லை. ரோடு ஏறியிருக்கு."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். விரலால் அடுக்குகளைத் தொட்டாள்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா? 'சொன்னேன் சொன்னேன்'னுதானே சொன்னீங்க. இன்னா சொன்னீங்க?"

நான் நூலைச் சுருட்டினேன். எதிர்வீட்டுக்காரர் மட்டும் தன் பங்குக்கு, "சார், ரோட்டுக்கு ஒரு நோட்டீஸ் குடுத்துடுங்க" என்றார்.

பெருநகர் அக்கா தினமும் காலையில் போன் செய்வார். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சு கொஞ்சம் குழறும். நையாண்டி குழறவில்லை.

"இன்னிக்கு வர்றியா?"

"வண்டி ரிப்பேர்ல கீதுக்கா."

"இன்னுமா? யாரு ஒடச்சது, நீயா?"

"ரோடு."

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கூடவே ஒரு கவலையும் பிடித்துக்கொண்டது. வண்டி ரிப்பேரில் இருக்கிறது என்பது அவளுக்கு ஒரு நல்ல பதிலாக இருந்தது. நான் வேலையை முடித்துவிட்டால் அந்தப் பதில் போய்விடும். அப்போது அக்காவிடம் என்ன சொல்வாள்? தன்னால் இனி ஓட்ட முடியாது என்று சொல்வாளா? அதைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அவளைத் தெரிந்தவன் நான். ஆகவே வேகமாகவும் செய்யவேண்டும், முடித்துவிடவும் கூடாது என்கிற நிலையில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

உதட்டை ஹாக்ஸா பிளேடால் வெட்டினேன். சாக்பீஸ் கோட்டை விட்டு ஒரு நூல் அளவுகூட விலகவில்லை என்று என்னால் சொல்ல முடியும். அடுத்தது பட்டி, மேடுபள்ளத்தை நிரவும் பூச்சு. கடையில் கொடுத்த பட்டியைக் குழைத்துத் தடவி, காயவிட்டு, தேய்த்து, மறுநாள் பம்பரை லேசாக வளைத்துப் பார்த்தேன். பட்டி பொரித்த அப்பளம் போலப் பெயர்ந்து விழுந்தது. அது தகரத்துக்கான பட்டி. தகரம் வளையாது, பம்பர் வளையும், அதற்கு வளைகிற பட்டி தனியாக உண்டாம். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது பெயர்ந்து விழுந்த சத்தம் கேட்டு வந்த என் மனைவியின் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்ததை நான் கவனித்தேன்.

"பரவாயில்ல, மெதுவா பண்ணுங்க," என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம்.

சரியான பட்டியைக் காஞ்சிபுரத்திலிருந்து வரவழைத்தேன். உப்புத்தாளுக்குப் பதில் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர். அதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் எண் இருக்கும். எண் ஏற ஏறத் தாள் நயமாகும். நூற்றெண்பதில் ஆரம்பித்து முந்நூற்றிருபது, அறுநூறு, ஆயிரம் என்று போக வேண்டும். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால் முந்தைய தாள் போட்ட கீறல் பெயிண்டுக்கு அடியிலிருந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கத்துக்கு இத்தனை இழுப்பு என்று வாய்விட்டு எண்ணித் தேய்த்தேன். முருங்கைப் பூ உதிர்ந்து ஈரத்தில் ஒட்டியது. எடுக்க எடுக்க விழுந்தது. கடைசியில் பம்பரையும் நாற்காலிகளையும் கார் கொட்டகைக்கு மாற்றினேன்.

ஒரு மதியம் என் மனைவி பக்கத்தில் மூன்றாவது நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு தாள் குடுங்க. நீங்க எண்ணுறது கேட்டு அடுப்புல நான் எத்தினி உப்பு போட்டேன்னு மறந்துபோச்சி."

அவள் வலப்பக்கம், நான் இடப்பக்கம். அவள் எண்ணவில்லை. அக்காவுடைய மருமகள் எப்படிப் பால் காய்ச்சுகிறாள், எதிர்வீட்டில் ஏன் திடீரென்று இரண்டு பால் பாக்கெட் வாங்குகிறார்கள் என்று பேசிக்கொண்டே தேய்த்தாள். சாம்பல் நிறத் தண்ணீர் அவள் வளையலுக்கு மேலே வழிந்து முழங்கையில் சொட்டியது. நடுவில் நிறுத்தி, புறங்கையால் என் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க ஒரு மேடு கீது."

"இல்லை. நான் அளவுகோல் வெச்சிப் பார்த்தாச்சு."

"மேடு கீதுங்க."

"வெளிச்சத்துல சாய்ச்சிப் பாரு, ஒண்ணும் தெரியலை."

"நான் பாக்கல. தடவினேன்."

அதோடு விட்டுவிட்டாள். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலைப் போனில் அக்கா வழக்கமான கேள்வியைக் கேட்டார். வழக்கமான பதிலை என் மனைவி சொன்னாள். இப்போதுதான் தேய்த்துக்கொண்டிருக்கிறோம், முன்பக்கம் மாட்டாமல் வண்டி எடுக்க முடியாது என்றாள். 

"மூக்கு இல்லன்னா வண்டி ஓடாதாடி?" என்றார் அக்கா. "நான் ஒரு கை இல்லாமலே துன்னுக்கினு கீறேன்."

என் மனைவி கீரைக்காம்பு ஒன்றைக் கிள்ளிக் கையில் வைத்திருந்தாள். அதைப் போடவேண்டிய தட்டில் போடாமல் கீரைக்குள்ளேயே போட்டாள். "சரி வெச்சிடறேன்" என்றாள். நான் கொட்டகைக்குப் போய்விட்டேன். அங்கே அன்று, பெயிண்டுக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் அடித்தேன். ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கி, ஒரு முழம் தள்ளி நின்று, மூன்று பூச்சு. சிவப்புப் பக்கெட், மஞ்சள் பட்டி, பழைய வெள்ளி எல்லாம் போய் முழு பம்பரும் ஒரே சாம்பல் நிறமாக, பால் ஏடு போல, எங்கும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அதைவிட அழகாக நான் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை என்று நினைக்கிறேன். நன்றாகக் காயட்டும், யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு முன்னால் ஒரு சேலையைத் திரைபோலக் கட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் சேலையை விலக்கிப் பார்த்தேன். பம்பரின் நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஆக மூன்று பொட்டு. மஞ்சள் கலந்த சந்தனத்தை நீராகக் குழைத்து வட்டமாக வைத்து, மேலே குங்குமம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் கதவு, அடுப்பு, மோட்டார் பெட்டி, கிரைண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பாள். பிரைமர் என்பது வெயிலில் காய்ந்த வயல் மாதிரி, கிடைத்த ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். சந்தனம் அதற்குள் இறங்கியிருந்தது. நான் ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் கரைந்து இன்னும் அகலமாயிற்று.

சத்தம் போட்டேன். அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"இன்னாத்துக்கு இப்படிக் கத்திக்கினு கீறீங்க?"

"பிரைமர் மேல யாராவது பொட்டு வெப்பாங்களா? உள்ள இறங்கிடுச்சு. பெயிண்ட் அடிச்சாலும் மேல வரும். எத்தனை தடவை தேய்ச்சேன் தெரியுமா உனக்கு?"

"தெரியும். தெருவுக்கே தெரியும். வாய்விட்டுத்தானே எண்ணினீங்க."

"அப்புறம் ஏன் வெச்சே?"

"வெளிய போற வண்டிய பொட்டு இல்லாம அனுப்புவாங்களா? பெயிண்ட் அடிச்சி மாட்டிட்டீங்கன்னா அக்காவப் பாக்கப் போவணும் இல்ல?"

சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். நான் துணியோடு நின்றுகொண்டிருந்தேன். பிறகு தேதி பார்ப்பது போல நானும் உள்ளே போனேன். காலண்டரில் தேதி முழுதாகத் தெரிந்தது. ஆணியில் சாவி இல்லை. சாமி மாடத்தில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

கறையைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பிரைமர் அடிப்பதுதான் முறை. நான் அடிக்கவில்லை. மேலேயே வெள்ளிப் பெயிண்டை அடித்தேன். நான் சொன்னபடியே நடந்தது. பெயிண்ட் காயக்காய இரண்டு பக்கமும் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் எழும்பி வந்தது. நடுப்பொட்டை நம்பர் பலகை மறைத்துக்கொண்டது. மாட்டும்போது பதினெட்டில் ஒரு பிளாஸ்டிக் ஊசி குறைந்தது. கொட்டகையைச் சல்லடை போட்டுச் சலித்தும் கிடைக்கவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைச் சீவி அந்த ஓட்டையில் செருகியிருக்கிறேன். இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

எதிர்வீட்டுக்காரர் வந்து சுற்றிப் பார்த்தார். புதுப் பெயிண்ட் பழைய பானட்டைவிட மினுமினுப்பாக இருந்தது.

"நல்லாத்தான் கீது சார். கிழவிக்குப் பல்செட் கட்டுன மாரி."

"யார கிழவின்ற?" என்றாள் என் மனைவி காருக்குள்ளிருந்து.

"வண்டியச் சொன்னேன் அண்ணி."

அவள் காரை எடுத்துச் சரிவுக்குக் கீழே நிறுத்தியிருந்தாள். பின் இருக்கையில் அக்காவுக்கு ஒரு டப்பாவில் கீரைக் கடைசல், சீப்பு, தேங்காய் எண்ணெய். நான் பக்கத்துக் கதவைத் திறக்கப் போனேன்.

"நீங்க ரோட்ல நின்னு இடிக்குதா பாருங்க," என்றாள். "பார்த்தா போதும். பேசாதீங்க."

தார் விளிம்புக்குப் பக்கத்தில் குந்தினேன். கன்னத்தைத் தாரோடு வைக்காத குறையாகக் குனிந்தேன். கார் மெதுவாக ஏறியது. பம்பரின் வெட்டிய உதடு என் கண்ணுக்கு முன்னால் விளிம்பை நோக்கி வந்தது. "போதும்" என்று கத்தவேண்டும் போல நாக்கு துடித்தது. கத்தவில்லை. ஒரு விரல் இடைவெளியில் உதடு விளிம்பைத் தாண்டிப் போயிற்று. சத்தமே இல்லை. முன்சக்கரம் தாரில் ஏறியது, பின்சக்கரமும் ஏறியது. நான் முழங்காலில் கைவைத்து எழுந்திருப்பதற்குள் கார் திரும்பித் தெருவில் நின்றிருந்தது. கண்ணாடியை இறக்கினாள்.

"நீங்க வந்தா எண்ணிக்கினே வருவீங்க. நான் பார்த்துட்டு வந்துடறேன். சோறு மூடி வெச்சிருக்கேன்."

போய்விட்டாள். தெருமுனையில் இடப்பக்கம் திரும்ப விளக்குப் போட்டாள், அதை மட்டும் பார்த்தேன்.

"உங்கள வுட்டுட்டுப் போய்ட்டாங்களே சார்," என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"ஒரு விரல் இடம் இருக்கு," என்றேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை.

பெருநகர் போகும் வழியில் எத்தனை வேகத்தடை என்று எனக்குத் தெரியும். பதினொன்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாகத் தாண்டிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரைத் திருப்பத்தில் எதிரே மணல் வண்டி வந்தால் என்ன செய்வாள் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டேன். பிறகு போன் வந்தது.

"வந்துட்டேன். அக்காவ நாற்காலில தூக்கி வெச்சி வாசலுக்குக் கொணாந்தாங்க, வண்டிய பாக்கணும்னா. பொட்டு ரெண்டையும் பார்த்து ஒரே சிரிப்பு." பின்னால் அக்காவின் குரல் குழறிக் குழறி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. "இருங்க, உங்ககிட்ட சொல்லச் சொல்றா. இருக்கிற கையால பம்பரத் தடவிப் பார்த்தா. நல்லா வழவழன்னு கீதாம்."

"சரி."

"எடது பக்கம் மட்டும் ஒரு மேடு கீதாம்."

 சோற்றை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு முழுவதும் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டுக் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். ஆயிரம் எண் தாளில் இரண்டு மிச்சம் இருந்தது. எடுத்து, அவள் திரும்பி வருவதற்குள் நனைந்திருக்கட்டும் என்று தண்ணீரில் ஊறப்போட்டேன்.